கால வழு

பெனீஷ் துறைமுகத்து மீன் ஏலக் கூடத்தில்
விலை ஏறுவதில்லை, இறங்கும்.
சுவரில் பெரிய பலகை:
ஒன்று எழுபது, ஒன்று அறுபத்தைந்து, ஒன்று அறுபது.
படிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது
கைக்குள்ளிருக்கும் பொத்தானை அழுத்தும் வரை
மத்தி மலிந்துகொண்டே போகும்.

பலகைக்கு உயிர் கொடுத்தவள் ஒடீலியா.
ஆயத்தமாய்க் கிடைத்த கடிகாரம் பிடிக்காமல்
தானே ஒன்று எழுதினாள்.
கடைசிப் படியிலிருந்தும் தெரிகிற எண்கள்,
ஒவ்வொரு இறக்கத்துக்கும் லேசாக நடுங்கும் மஞ்சள்.
அந்த நடுக்கத்துக்கு மட்டும் நான்கு நாள் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை, ரசீதோடு மாடியேறி வந்தாள் எர்மெலிந்தா.
"நான் அழுத்தினது ஒன்று நாற்பதில்.
காகிதம் ஒன்று முப்பத்தைந்து என்கிறது.
லாபம் எனக்குத்தான். ஆனால்
பெல்மீரு என் கண்ணைப் பார்த்தான்."

ஒடீலியா பதிவைத் திறந்தாள்.
ஒரே நொடிக்குள் மூன்று வரி:

விலை இறங்கியது.
விற்றாயிற்று.
பொத்தான் அழுத்தப்பட்டது.

வாங்கி முடித்த பிறகு
வாங்க முடிவு செய்திருக்கிறாள் எர்மெலிந்தா.

எனக்கு இதில் பெரிய அதிர்ச்சியில்லை.
கெண்டை என்று எழுதும்போது
கொம்பு முந்திக்கொண்டு நிற்கிறது.
வாயிலோ ககரம்தான் முதலில்.
யாராவது கூப்பிட்டால்
"இதோ வந்துட்டேன்" என்கிறோம்,
ஒரு கால் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.
இலக்கணம் அதற்கொரு பெயர் வைத்து
மன்னித்தும் விட்டது.
கணினியில் வழு உண்டு.
வழுவமைதி இல்லை.

இரவு இரண்டு மணிக்கு அகப்பட்டது.
பொத்தான் அழுந்தியதும் தாய் வகுப்பை அழைத்து,
அது கடிகாரத்தை நிறுத்திய பிறகுதான்
தன் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.
அவளோ முதலில் மஞ்சளை நடுங்கவிட்டாள்.
அந்த நடுக்கத்தின் இடுக்கில்
இன்னொரு ஐந்து சென்ட் நழுவியது.

ஒரு வரியைத் தூக்கி மேலே வைத்தாள்.
பொத்தான் சரியானது.
ஏலம் முடிந்ததற்கான மணி
ஏலம் தொடங்கும் முன்பே அடித்தது.
அதைப் பிடித்து நகர்த்தினாள். வேறொன்று முந்தியது.
வெளியே படகுகள் கரைதிரும்பும் சத்தம்.

முன்னூற்றுப் பன்னிரண்டு கிலோ, கிலோவுக்கு ஐந்து:
பதினைந்து யூரோ அறுபது.
தூங்காத கண்களோடு உறையில் போட்டு
படகடிக்கே கொண்டுபோனாள்.

பெல்மீரு வலையிலிருந்து தலை தூக்கவில்லை.
"வரும் என்று எர்மெலிந்தா சொன்னாள்.
அதை நேற்றிரவே குடித்துவிட்டேன்."

உறையை வாங்கினான், எண்ணவில்லை.
மூலையிலிருக்கும் மதுக்கடையில் கொடுத்துவிடச் சொல்லி
அவள் கையிலேயே
திருப்பி வைத்தான்.