ராயபுரம், இருட்டடிப்பு

முன்கதவுக்கு மணல் வாளி,
ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம்,
எனக்கு அவருடைய பேனா.

ரங்கூனுக்குப் போகும்போது மறந்து வைத்தார்,
அல்லது மறந்ததுபோல் வைத்தார்.
டிசம்பரில் வந்த கடிதம் பென்சிலில் இருந்தது.
அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.
நான் போட்டவை மூன்றும்
தபால் நிறுத்தம் என்ற ஊதா முத்திரையோடு
என்னிடமே திரும்பின,
கோபித்துக்கொண்டு வந்த நாத்தனார்கள் மாதிரி.

சித்திரையில் ஊர் காலியாயிற்று.
ஜப்பான்காரன் வருகிறான் என்றார்கள்.
சென்ட்ரலுக்கு எந்த ஜட்காவும்
இரண்டு ரூபாய்க்குக் குறைந்து அசையவில்லை.
பக்கத்துப் போர்ஷன் துளசி பாய்
ஆட்டுக்கல்லைக்கூட ஏற்றிக்கொண்டாள்,
குழவியை மறந்துவிட்டாள்.
"ஏண்டி, நீ வரலையா?"
கடிதம் இந்த விலாசத்துக்குத்தானே வரும் என்றேன்.

பேனாவை எழுதத்தான் எடுத்தேன்.
பதினோரு வருஷம் அவர் கைச் சாய்வுக்குத் தேய்ந்த நிப்பு.
என் விரலுக்கு வந்ததும்
புது ஆளைக் கண்ட மாடு மாதிரி உதைத்தது,
'அ'வின் வயிற்றைக் கிழித்தது.
எரிச்சலில் தலைகீழாய்ப் பிடித்து இழுத்தேன்.
மயிரிழையாய் ஒரு கோடு
கசியாமல், திக்காமல்
காகிதத்தின் விளிம்புவரை போயிற்று.

முதலில் குழாயடி.
பிறகு துளசி பாய் விட்டுப்போன குழவி.
பிறகு ஒரு காக்கா;
கழுத்துச் சாம்பலுக்கு மையில் எச்சில் தொட்டேன்.
கண்ணை முக்கால் மூடிக்கொண்டு வரும் டிராம்.
எல்லாம் அரிசிக் கம்பெனி பில்களின் முதுகில்.
மை வில்லை ஓரணாவுக்கு நான்காக இருந்தது
ஒன்றாயிற்று,
அப்புறம் கடையே பூட்டிக்கொண்டு திருத்தணிக்குப் போயிற்று.
அரைப் புட்டி மிச்சம். நெய் மாதிரிச் செலவழித்தேன்.

மொட்டைமாடியிலிருந்து ஹார்பர் தெரியும்.
பாரந்தூக்கி நான்கு, அலை தடுக்கும் கற்சுவர்,
கொடியில்லாத ஒரு கப்பல்.
நிப்பை நேராய்ப் பிடித்தால் கடல்,
திருப்பிப் பிடித்தால் கயிறுகள்.
கயிறுகளுக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று.

நான்காம் ராத்திரி கதவு தட்டினார்கள்.
ஏ.ஆர்.பி. வார்டன் கோதண்டபாணி நாயக்கர்,
காக்கித் தொப்பி, வாய் நிறைய வெற்றிலை.
"ஜன்னல் இடுக்குல வெளிச்சம் வருதும்மா."
உள்ளே வந்தவர் மேஜையைப் பார்த்தார்.
மெல்லுவதை நிறுத்தினார்.
"இது படம் இல்லை. மேப்பு.
வரைஞ்சதுக்கு உன்னைப் பிடிப்பான்,
பார்த்துட்டுச் சொல்லாததுக்கு என்னைப் பிடிப்பான்."
கிழிக்க எடுத்த கை
கயிறுகளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது.
"நீயே ஏதாவது பண்ணித் தொலை" என்று
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

புட்டியைக் கவிழ்த்தேன்.
கற்சுவரைத் தாண்டி வந்தது மை.
பாரந்தூக்கிகள் ஒவ்வொன்றாய் முழுகின,
கப்பல் கடைசியில்.
அவர் போன பிறகு அரிக்கேனை அணைத்துவிட்டுக்
கறுப்புக் காகிதத்தின் ஒரு மூலையை விலக்கினேன்.
வெளியே மதராஸ்.
ஒரு சிகரெட் நெருப்புகூட இல்லை.
நான் வரைந்ததிலேயே அதுதான் அச்சு அசல்.

காலையில் காய்ந்ததும் சாய்த்துப் பார்த்தேன்.
நிப்பு கீறிய தடங்களில்
கயிறுகள் மட்டும் மினுங்கின.
அந்தத் தாளை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன்.

இப்போது பேனாவில் தண்ணீர் ஏற்றுகிறேன்.
ரப்பர் பைக்குள் ஒட்டிக் கிடக்கும் பழைய மை,
அவர் ஊற்றியதும் அதில் இருக்கும்,
வெளிறிய நீலமாய் இறங்கிவருகிறது.
பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவர்
காசிமேட்டில் சொன்னாராம்:
மலை, அப்புறம் மலை, அப்புறம் சேறு.
பார்த்திராத அந்த வழியைப்
பில்லின் முதுகில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
மணிப்பூர் வரை வந்துவிட்டது.
காய்வதற்குள் மங்கிவிடுகிறது,
மறுபடி அதன்மேலேயே போகிறேன்.
குழாயில் ஏழு மணி வரைதான் தண்ணீர்.