உள்பக்கக் கைப்பிடி

தடைக்காலம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது
கதவை மாற்றினோம்.
காசிமேட்டில் அந்த நாட்களில் மட்டும்தான்
எங்கள் குளிர் அறை காலியாக இருக்கும்,
விளக்குப் போட்டால் தன் சுவரைத் தானே பார்க்கும்.

மற்ற நாளெல்லாம்
வெளியே முப்பத்தொன்பது டிகிரி,
உள்ளே மைனஸ் பதினெட்டு.
நடுவில் ஒரே ஒரு கதவு.
அதுவும் ஓரம் வீங்கி, ரப்பர் பிய்ந்து,
கீழ்மூலையில் பனித்தாடி வளர்த்த கதவு.
மாதாமாதம் கரண்ட் பில்லில்
அந்தத் தாடிக்கும் சேர்த்துக் கட்டினேன்.

மாதவரத்தில் கதவு விற்கிற பையன்
வெட்டிய மாதிரித் துண்டுகளை
கேக் போல மேசையில் அடுக்கினான்.
அறுபது மில்லி. எண்பது. நூறு.
இரண்டு தகட்டுக்கு நடுவே மஞ்சள் நுரை.
வஞ்சிரத்தின் வயிற்றை அழுத்துவதுபோல
கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன்.
"ஜி.ஐ. தகடே போதும் மேடம், பெயின்ட் அடிச்சிருக்கு."
எங்க காத்து பெயின்ட்டத் தின்னும் தம்பி,
தின்னுட்டு ஏப்பம் விடும்.
ஸ்டீல் என்றால் பதினெட்டாயிரம் கூட.
மேசைக்கடியில் இவர் என் காலை மிதித்தார்.
தள்ளும் கதவா, இழுக்கும் கதவா,
பிளாஸ்டிக் திரை வேணுமா, எந்தக் கலர்,
என்னென்னவோ கேட்டான்.
நான் ஒன்றுதான் கேட்டேன்:
உள்ளேயிருந்து திறக்குமா?

கேட்டலாக்கைப் புரட்டினான்.
"அதுக்குத் தனிக் காசு மேடம். யாரும் கேக்கிறதில்ல."

போன ஆடியில் பெட்டி எண்ண உள்ளே போனார் இவர்.
காற்று சாத்தியது.
இருபத்தாறு நிமிடம்.
ஏலக் கூச்சலில்
தட்டுகிற சத்தம் யாருக்குக் கேட்கும்?
செருப்பைத் தேடி வந்த ஐஸ் உடைக்கிற ஏசுமணி
திறந்தான்.
அன்றிலிருந்து இவர் வாசலில் நின்றே எண்ணுகிறார்.
"இருபத்தெட்டு இருக்கா பாரு" என்று கத்துகிறார்.
கேட்டால் முட்டி வலி என்கிறார்.
நானும் ராத்திரியில்
அந்த முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன்.

முனவ்வரும் அவன் மச்சானும்
மினி லாரியில் கதவைக் கொண்டுவந்தார்கள்.
பழைய சட்டத்தைப் பெயர்த்தபோது
செங்கல்லுக்குப் பின்னால் காய்ந்த நண்டு ஒன்று,
ஒரு கால்கூட உடையாமல்.
தரை அரை அங்குலம் சாய்வு.
ரசமட்டத்தின் குமிழி
கடல் பக்கமே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.
"கட்டடமே தொழிலுக்குப் போவுதுக்கா" என்றான் முனவ்வர்.
கேரம் ஆடிக்கொண்டிருந்த ஆறு பேர்
சிவப்புக் காயை அப்படியே விட்டுவிட்டு வந்து தூக்கினார்கள்.
நிறுத்திய பிறகுதான் தெரிந்தது,
கீல் இடது பக்கத்துக்கானது.
மாதவரத்துக்குப் போன். திட்டு. மறுபடி போன்.
அன்றிரவு வாசலில் தார்ப்பாய் கட்டித் தூங்கினோம்,
உள்ளே திருட ஒரு மீன்கூட இல்லை.

மறுநாள் சாயங்காலம்
பத்து ரூபாய் நோட்டை ரப்பரில் வைத்துச் சாத்தி
"இழு" என்றான்.
மேலே, நடுவில், நோட்டு வரவில்லை.
கீழ்மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது.
திரும்பவும் கழற்றினான்.
நாலாவது தடவை நோட்டு கிழிந்தது.
"பாஸ்."

மிஷின் போட்டு ராத்திரி பத்து மணிக்கு
மைனஸ் பன்னிரண்டு.
"யாராச்சும் உள்ள போய் குமிழத் தள்ளிப் பாக்கணும்."
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
நான் போனேன்.

சாத்தியதும் சத்தம் போய்விட்டது.
டீசல், நாய், முனவ்வரின் ரேடியோ, எல்லாம்.
இருட்டில் எலுமிச்சை அளவு பச்சை வெளிச்சம்,
அதுதான் கைப்பிடி.
உடனே தள்ளியிருக்கலாம்.
மூக்கு நுனி மரத்துப்போகும்வரை நின்றேன்.
இருபத்தாறு நிமிடம் என்பது எவ்வளவு என்று
என்னால் ஒரு நிமிடத்தைக்கூட எண்ண முடியவில்லை.

தள்ளினேன்.
பால் பாக்கெட் கிழிக்கிற சத்தத்தோடு திறந்தது.
எதிரே இவர்,
இரண்டு கையிலும் கடப்பாரை,
புதுக் கதவிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.
"எவ்ளோ நேரம்" என்றார்.

கடப்பாரையை வாங்கிச் சுவரோரம் சாய்த்தேன்.
முட்டி எப்படியிருக்கு என்றேன்.
பரவால்ல என்றார்.
முனவ்வர் கிழிந்த நோட்டை நீட்டிக்கொண்டிருந்தான்.