மூன்றாம் குழு, ஐந்தாம் எலி

வந்தாறுமூலையில் பின்னேரம் இரண்டரைக்குக் கரண்ட் போனது.
விலங்கறைக் காற்றாடி மூன்று சுற்றுச் சுற்றி நின்றது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
ஊசி போட்டு ஒரு மணி நாற்பது நிமிடம்,
எலிகள் நலம்போலத் தெரிகின்றன.

நலம்போல.

பாலின் சீனிக்குக் கூடப்பிறந்தது மாதிரி ஒரு சீனி,
ஒரு மூலையில் மட்டும் நைதரசன் தொங்கும்.
முகம் பார்த்துக் கதவு திறக்கிற வீடு ஈரல்.
மூலையை யார் பார்த்தது?

நான் மண்டூர்க்காரி,
எனக்கு இது பாதையை வைத்தால்தான் விளங்கும்.
குருமண்வெளித் துறையில் பாதை வரும்.
சைக்கிள், நெல்மூட்டை, மீன்பெட்டி, இரண்டு வாத்திமார்
ஏறுவார்கள், அக்கரையில் இறங்குவார்கள், பாதை திரும்பும்.
யூரிடின் அந்தப் பாதை.
இந்தச் சீனி ஏறும்.
இறங்காது.
அடுத்த பாதையிலும் அதுவே,
அதற்கடுத்ததிலும்.
துறை முழுக்க மூட்டைகள் வெயிலில் கிடக்க,
வாவியில் ஓட ஒன்றும் மிஞ்சாது.

கரு எழுதும் கடிதங்களுக்கும் நாலே எழுத்து,
அதில் ஒன்று இதே யூரிடின்.
ஒரு எழுத்துத் தீர்ந்த அச்சகத்தில்
எந்த வசனம் முடியும்?
புரதங்கள் கேட்டு நிற்கிற கலத்துக்கு
இன்றிரவு தெரியாது.
நாளைக்கு இரத்தம் சொல்லும்.

நாலாம் குழுவுக்கு யூரிடின்,
மூன்றாம் குழுவுக்கு உப்புநீர். திட்டம் அப்படி.
குத்தி முடிக்கச் சிரிஞ்சில் ஒரு எலிக்குக் காணுமளவு மிச்சம்.
மூன்றாம் கூட்டில் ஐந்தாவது,
முதுகில் பிக்ரிக் மஞ்சள் இரண்டு கோடு,
கம்பியிடை மூக்கை விட்டு என் கையுறையை மணந்தது.
காரணம் அவ்வளவுதான்.
பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

காப்பாற்றினேன் என்றும் சொல்ல ஏலாது.
ஈரல் பார்க்க எப்படியும் அறுக்கத்தான் வேண்டும்.
மறுநாள் தட்டில் ஐந்து ஈரல் புள்ளி விழுந்து வெளிறிக் கிடக்க
ஒன்று மட்டும் கருஞ்சிவப்பாய், வழுவழுப்பாய்,
இன்னும் சூடாய்.

ரினோசா நொதியம் அளந்தாள்.
ஆயிரத்து எண்ணூறு. இரண்டாயிரத்து நூறு. ஆயிரத்து அறுநூறு.
ஐந்தாவதற்கு எழுபத்தாறு.
"ஊசி பிழைச்சிருக்கும். இத வெளிய எடுப்பம்."

ஊசி பிழைக்கவில்லை.
நேற்றைய பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்:
அரை மில்லிலீற்றர் யூரிடின், மூன்றாம் குழு, ஐந்தாவது.
நேரம். என் கையெழுத்து.
பேராசிரியர் வியாழன் வருவார்.

"ஏன் புள்ள?" என்றாள்.

கடைசிப் பாதை ஆறரைக்கு.
கையைக் கழுவினேன்,
பிக்ரிக் மஞ்சள் நகக்கண்ணில் போகவில்லை.