பத்து அங்குலம்

உவரியில் மீன் குளிர்க்கிடங்கைப் பிரிக்கிற அன்று
எனக்கு முன்னாலேயே வந்து நின்றது
உதுமான் மைதீனின் குட்டியானை.
மேலப்பாளையத்திலிருந்து விடியுமுன் கிளம்பியிருக்கிறார்.
தராசு, அறுப்புவாள், மாசானம்
மூன்றும் பின்னால்.

“செம்பு எத்தன கிலோ தேறும்?”
“அதுக்கு முன்ன கேஸ எடுக்கணும் பாய்.”
“வெறும் காத்துதானம்மா. ஒரு வெட்டு வெட்டினா
கடலப் பாக்கப் போயிரும்.”

போகும். அதுதான் சங்கடம்.
கடல் அதைச் சீந்தாது.
வானம் வாங்கி வைத்துக்கொள்ளும்,
மீட்க ஆள் வராத நகையை
அடகுக்கடை வைத்திருப்பதுபோல.

இரண்டு அறை. இரண்டிலும் நானூற்றி நாலு.
முதல் அறைச் சுருளில் உப்புக்காற்று
ஊசிமுனை அளவுக்குத் தின்றிருந்தது.
சோப்பு தடவினால் குமிழ்.
முள் சைபருக்கு இறங்கியதும் மெஷினை அணைத்தேன்.
ஓட்டை உள்ளதை அதற்கும் கீழே உறிஞ்சினால்
வருவது உவரிக்காற்றுதான்,
ஈரமும் கருவாட்டு வாடையுமாய்.
பிடித்து வைத்ததையும் அது கெடுக்கும்.
நோட்டில் எழுதினேன்:
ஒன்று. கசிவு. சைபர்.

இரண்டாவது அறை இறுக்கம்.
அதற்குச் சைபர் போதாது.
ஊரை அழுத்தும் காற்றின் கனத்திலிருந்து
பாதரசக் கணக்கில் பத்து அங்குலம்
கீழே இறங்கவேண்டும்.
பேட்டை ஐ.டி.ஐ.யில் பரீட்சைக்கு இதை
நெட்டுருப் போட்ட நாளில்
பாதரசத்தை நான் பார்த்திருந்தது
காய்ச்சல் குச்சியில் மட்டும்.

பதினொன்றரைக்கு முள் பத்தைத் தொட்டது.
அணைத்தேன். மாசானம் வாளை எடுத்தான்.
“பொறும்வே.”
எட்டு.
ஆறு.
நாலு.
ஒருவரும் தொடவில்லை. அதுவாக ஏறியது.

“மெனக்கெட்டு நேரத்தக் கடத்துதியாம்மா?”
இல்லை. கம்பிரசரின் அடி எண்ணெயில்
இன்னும் கிடக்கிறது.
அழுத்தம் குறைந்ததும் கொதித்து
மெல்ல மெல்ல வெளியே வருகிறது.
சூசையம்மாள் டீக்கடையில் ஒரு வாளி வெந்நீர் கேட்டேன்.
“டீக்கா, காலுக்கா?” என்றாள்.
சாக்கை முக்கி அடியில் சுற்றினேன்.
பன்னிரண்டேகாலுக்குக் கரண்டு போனது.

மாசானம் மீன்பெட்டிமேல் தூங்கினான்.
வண்டி நிழலில் துண்டை விரித்து
உதுமான் மைதீன் லுஹர் தொழுதார்.
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பூஜ்யத்துக்கு மேலே அரைக்கோடு. பிறகு ஒரு கோடு.

ரெண்டரைக்குக் கரண்டு.
மறுபடி பத்து. மறுபடி அணைத்தல்.
கால்மணி நேரம்
சுவரில் பல்லி நிற்பதுபோல் நின்றது முள்.

“இப்பவாது?”
“உருளைய ஒருதரம் நிறுக்கணும், உம்ம தராசக் குடுங்க.”
காலையில் பன்னிரண்டு அறுநூறு.
இப்போது முப்பத்தொண்ணு.
இரண்டு அறையும் சேர்த்துப்
பதினெட்டுக் கிலோ நானூறு.
எண்ணைப் பார்த்தார். தராசைத் தட்டினார்.
உருளையை இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னார்.
வாழ்நாளெல்லாம் தராசைத் தவிர
வேறெதையும் நம்பாத மனுசன்.

“இது கிலோ என்ன போவும்?”
“விக்கதுக்கில்ல பாய், சுத்தம் பண்ணக் குடுக்கணும்.”
“சும்மாவா?”
நோட்டை நீட்டினேன்.
இரண்டு. இறுக்கம். பத்து.
சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
மேலே என் பெயரை எழுத்துக்கூட்டினார்,
“எப்…சி…பா.”

மாசானம் குழாயில் வாள் வைத்தான்.
சீறலுக்குப் பழகியவன்,
முகத்தை முன்கூட்டியே திருப்பிக்கொண்டான்.
சீறவில்லை.
வாய் திறந்த குழாய்
ஒரு மூச்சு உள்ளே இழுத்தது.
தரையில் விழவேண்டிய செம்புத்தூள்
மினுமினுத்துக்கொண்டு
உள்ளே போனது.

“ஏ, எடை கொறையுதுவே”
என்றார் உதுமான் மைதீன்.