பொறி

ஐந்து இருபதுக்குக் கரண்ட் போனது.
உலைக்குள் ஆயிரத்து முந்நூறு பாகையில் பதினேழாம் மாதிரி.
'மெல்ல ஆற்றவும், நிமிடத்துக்கு மூன்று பாகை'
என்று கொப்பியில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம்.
காவலாளி சேனாதீர நாலு மாடி ஏறி வந்து சொன்னார்,
தன் பிழைபோல.

ஸ்ட்ரோன்சியம், அலுமினியம், ஒட்சிசன்.
நூற்றுக்கு ஒன்று யூரோப்பியம், இரண்டு டிஸ்ப்ரோசியம்.
வெள்ளவத்தையில் வாங்கிய சிரட்டைக் கரி
மூசைக்குள் ஒட்சிசனைத் தின்றுகொண்டிருந்தது.
தின்ற இடமெல்லாம் பளிங்கில் ஓட்டை.
ஆறுதலாய் ஆறினால் கொஞ்சம் மூடும்.

ஹஸ்னா இடுக்கியை எடுத்தாள்.
"கெட்டது கெட்டுப்போச்சு. வெடிச்சாலும் பாப்பம்."
வெடித்தது.
வில்லை சரிபாதியாய் இரண்டு.

பேராசிரியருக்குக் குறை ஆகாது;
வெளிச்சம் களவு போகும் வாசல் என்பார்.
பொய்யில்லை. ஒன்பதாம் மாதிரி ஓட்டை மிஞ்சி,
கொடுத்த ஒளியையெல்லாம் சூடாய்க் குடித்துவிட்டு
இலாச்சியில் சாம்பலாய்க் கிடக்கிறது.

தமிழில் பாடக்குறிப்பு எழுதியபோது
இலத்திரன் விழுந்து சிக்கும் குழிக்குப்
பொறி என்று பெயர் வைத்தேன்.
எலிக்கும் அதுதான் சொல், நெருப்புக்கும் அதுதான்.
"பிள்ளையள் எதை நம்பிப் படிக்கிறது?"
என்று அன்றைக்கு ஹஸ்னா சிரித்தாள்.

ஏழு மணி. தும்முல்லைச் சந்தியில் ஹோர்ன் சத்தம் மட்டும்;
அதற்கப்பால் கடல்வரை ஒரு ஜன்னலும் இல்லை.
ஒன்பது சதவீதம் மிஞ்சிய போனின் டோர்ச்சை
ஒரு நிமிடம் பிடித்து, அணைத்தேன்.

பச்சை.
எங்கள் மூக்குகள் தெரிந்தன. கொப்பியின் அடிக்கோடு தெரிந்தது.
பத்து நிமிடம், இருபது நிமிடம்.
கொழும்பின் முப்பத்தொரு பாகை
குழிக்குள் கைநீட்டி ஒவ்வொன்றாய் ஏற்றிவிட,
ஏறியது யூரோப்பியத்தில் இறங்கும்போது பச்சை.

ஒரு பாதியை பிளேன்டீ நிறைந்த தகரக் கோப்பைமேல் வைத்தாள்.
அது திடீரென்று பிரகாசித்து,
இருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்து
இருண்டது.
மேசையில் மற்றது அவசரப்படவில்லை.

"இதில எது நல்லது, மிஸ்?" சேனாதீர கேட்டார்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
கீழே போகப் படி தெரியாது என்று
மேசையில் இருந்ததை இரவல் கேட்டார்.
"உள்ளங்கையில வேண்டாம், சூடுபடும்,
லேஞ்சியில் வைங்கோ" என்றேன்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில்,
கைப்பிடிச் சுவரில்,
இன்னும் பச்சையாய் இருந்தது.
நான் நேரத்தைக் குறிக்க மறந்திருந்தேன்.