அடிக்கு எவ்வளவு

இரவு இரண்டு பத்து.
நூற்றுக்கு நூறு என்கிறது திரை.
பள்ளிக்கூடத்தில் ஒருதரமும் எனக்கு வராத மதிப்பெண்
வந்த அன்றைக்கு எல்லாமே நின்றுபோனது.

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு,
ஹேமரும் பிட்டும் விற்கும் கடைக்கு மேல்மாடி.
முதலாளியின் பதினாறு ரிக் வண்டிகள்
யார் யார் காட்டிலோ நின்றுகொண்டு
நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்லும்:
இத்தனை அடி, இத்தனை அழுத்தம், இத்தனை டீசல்.
சும்மா நிற்கிற வண்டியும் சொல்லும்,
சும்மா நிற்கிறேன் என்று.
கேட்டு எழுதிக்கொள்ளும் சர்வர் பெங்களூரில்.
பெங்களூரில் எங்கே என்றார் முதலாளி ஒருநாள்.
தெரியாதுங்க என்றேன்.
"வண்டி எங்க நிக்குதுன்னு சொல்ல ஒரு மிசினு,
மிசினு எங்க நிக்குதுன்னு தெரியாதாக்கும்."

இடம் வேண்டும்.
அதற்காக யாரையும் எழுப்பத் தேவையில்லை.
ஏபிஐ-க்கு ஒரு கடிதம் போதும்,
நெளிந்த அடைப்புக்குள் நாலு வரி:
பெயர், அளவு நூறு ஜிபி, ஊர், வகை.
ஒரு காற்புள்ளி கூடினாலும் திருப்பியடிக்கும் கறார்.

முதல் பதில் நானூற்று ஒன்று.
யார் நீ என்று அர்த்தம்.
டோக்கன் போன வெள்ளியோடு செத்திருக்கிறது.
வேறொன்று வாங்கி ஒட்டி அனுப்பினேன்.
இருநூற்று ஒன்று. உண்டாகிவிட்டது,
டீ ஆறுவதற்குள்.
சர்வரோடு இணைக்கப் போனால்
சேரமாட்டேன் என்கிறது.
ஊர் என்ற இடத்தில் மும்பை என்று போட்டிருக்கிறேன்.
மும்பையில் காலி டிஸ்க். பெங்களூரில் நிரம்பிய சர்வர்.
நடுவில் நான், நாக்கைக் கடித்துக்கொண்டு.
அழி என்று இன்னொரு கடிதம்.
பிறந்து நாலு நிமிஷம்தான் இருந்தது அது,
ஒரு மணிநேரக் கணக்கு எழுதிக்கொண்டார்கள்.

மறுபடி. இந்தமுறை ஊர் சரி.
இணை என்றேன்.
நடந்துகொண்டிருக்கிறது என்றது.
ஆச்சா?
நடந்துகொண்டிருக்கிறது.
ஆச்சா?
ஆயிற்று.

உள்ளே போய்ப் பார்த்தால்
எஸ்டிஏ, அடுத்து எஸ்டிபி.
ஒரே முகஜாடை. கடைசி எழுத்து மட்டும் வேறு.
ஒன்றில் ஆறு வருஷத்துக் குழிகள் எல்லாம்.
ஒன்றில் ஒன்றுமே இல்லை.
ஃபார்மட் கட்டளைக்கு இரக்கம் கிடையாது,
காட்டிய இடத்தை வழித்துப் போட்டுவிடும்.
விசையிலிருந்து விரலை எடுத்து
சத்தமாக வாசித்தேன்: பி. பி. பி.
"கூப்புட்டீங்ளா?" என்றான் கீழிருந்து
வாட்ச்மேன் மாரப்பன்.

இல்லை என்று சொல்லிவிட்டு அழுத்தினேன்.

அடுத்தமுறை சர்வர் விழுந்து எழுந்தாலும்
புது டிஸ்க்கை மறக்காமலிருக்க ஒரு வரி எழுதிவைத்தேன்.
பழைய பதிவுகள் அங்கே குடிபோயின.
மூன்றுக்குச் சற்று முன்னால்
ஒவ்வொன்றாக வண்டிகள் பேசின.
இடையில் நாற்பத்தேழு நிமிஷம் வெள்ளை.

ராய்ப்பூருக்கு அப்பாலிருந்து ஏழாம் நம்பர் வண்டி,
ட்ரில்லர் அர்த்தநாரி:
"ஏனுங்க, அறுநூத்திப் பத்துல தண்ணி வந்துருச்சுங்.
பொட்டில ஏறுச்சுங்ளா?"
ஏறலீங்க.
"செரி உடுங்க. கேசிங் பைப்பு மேல
சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கறனுங். சொல்றன், போட்டுக்கங்.
ஐநூத்தி எம்பது, கருங்கல்லு.
அறுநூறு, ஈரம்.
அறுநூத்திப் பத்து..."
அங்கே கம்ப்ரஷர் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.
திரும்பத் திரும்பக் கேட்டு என் கையால் அடித்தேன்.

காலையில் முதலாளி.
"நூறு ஜிபி, மாசம் எத்தன?"
சொன்னேன்.
"ஒண்ணும் எழுதாமப் போட்டு வெச்சா?"
அப்பவும் அதே காசுங்க.
முதல்முறையாக அவருக்கு அந்தக் கம்பெனியைப் பிடித்துவிட்டது.
"தண்ணி வராட்டியும் அடிக்குக் காசு. நம்ம தொழிலுதான்."
பிறகு சந்தேகம்:
"அம்பது போட்டுட்டுப் பத்தலீன்னா கூட்டக்கூடாதா?"
கூட்டலாமுங்க.
போட்டதைக் குறைக்கத்தான் முடியாது.

"அதெப்படிக் கொறைக்கறது," என்றார்,
வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே.
"போட்ட போரை மேல இழுக்கவா முடியும்."