நாலு கம்பி

பொகவந்தலாவையில் மூன்றாம் நாள் மழை.
தலையில் போட்டிருந்த சாக்கை வாசலில் உதறிவிட்டு
புஷ்பகாந்தி மேசைமேல் வைத்தாள்,
தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3.

"சார்ஜ் ஏறுது தம்பி. கம்பியூட்டருக்குத்தான்
இத யாருன்னே தெரியலையாம்."

வேறு துளையில் செருகினேன்.
அணைத்து, பத்து எண்ணி, எழுப்பினேன்.
டிரைவரைக் கழற்றித் திரும்பப் போட்டேன்.
பச்சை விளக்கு மினுக்கியது.
திரை, அடுத்த லயத்துச் சண்டைக்காரி மாதிரி
முகம் கொடுக்கவேயில்லை.

அப்புறம்தான் வயரைப் பார்த்தேன்.
கழுத்தில் உரிந்த இடத்தில்
சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. அவ்வளவுதான்.

"நாலு கம்பி வேணும் அக்கா.
ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு பேச்சுக்கு.
இதுல கரண்டு மட்டும்தான் போகும்."

"கட்டார்ல இருக்கிறவரும் இப்படித்தான்" என்றாள்,
"மாசம் தவறாம காசு வருது."

சிரித்தாளா?
தகரத்தில் மழை. கேட்கவில்லை.

முந்நூற்றைம்பது ரூபா வயர்.
மாட்டியதும் டிங்கென்றது.
இருநூற்றுப் பதினாறு பாட்டு.

"அவர் ஏத்தினது. எல்லாத்தையும் அழிச்சிருங்க.
ஃபெக்டரில நைட்டு வேல,
தூக்கம் வராத மாதிரி ஏதாவது போடுங்க."

ஐந்தரை பஸ் ஹோர்ன் அடித்தது.
படியிறங்கியவள் திரும்பி வந்தாள்:

"அந்தப் பழைய வயரையும் தாங்க.
சார்ஜுக்கு ஆகும்."